சாதாரண ஜிபிஐஓ பின்களில் எஸ்பிஐ, ஐ2சி ஓட்டுவது எப்படி? முதல்முறை இறங்குபவர்களுக்கு

எஸ்பிஐ, ஐ2சி இரண்டும் சிப்புகள் சில ஒயர்களில் பேசிக்கொள்ளும் முறைகள். ராஸ்பெரி பை என்ற குட்டிக் கணினி போர்டின் எஸ்பிஐ பின்களை ஸ்கிரீன் பிடித்துக்கொண்டது. ஐ2சி பின்களில் ஏற்கெனவே நாலு சென்சார் தொங்குகிறது. இன்னொரு சிப்பை எங்கே மாட்டுவது? காலியாகக் கிடக்கும் ஏதாவது ஜிபிஐஓ பின்களில் (நிரலால் ஆட்டக்கூடிய பொதுப் பின்கள்) மாட்டி, க்ளாக்கையும் (பிட்டுக்குப் பிட் தாளம் போடும் ஒயர்) டேட்டாவையும் நிரலே ஹை (3.3 வோல்ட்), லோ (0 வோல்ட்) என்று ஏற்றி இறக்கினால் வேலை நடக்கும். இதைத்தான் பிட்-பேங்கிங் என்கிறார்கள்.

நான் இதில் இறங்கியபோது தேடிப் படித்தவற்றில் பாதி, "மெதுவாக இருக்கும், வேண்டாம்" என்று பயமுறுத்தின. மீதி, நிரலை மட்டும் ஒட்டிவிட்டு ஏன் எதற்கு என்று சொல்லாமல் போய்விட்டன. மெதுவாக ஓடுவது பெரும்பாலான சிப்புகளுக்குத் தொல்லையே இல்லை என்று எவரும் எடுத்த எடுப்பில் சொல்லவில்லை. எந்த இடத்தில் நின்றுவிடக் கூடாது என்று தெரிந்துகொண்டால் போதும். அந்த இடம் சிப்புக்குச் சிப்பு மாறும்; டேட்டாஷீட்டில் (சிப் தயாரித்தவர் தரும் விவரக் குறிப்பு) ஏதோ ஒரு மூலையில் ஒற்றை வரியாகக் கிடக்கும். நிரல் எழுத உட்காரும் முன் அந்த வரியைத் தேடிப் பிடிக்கத்தான் இந்தக் கட்டுரை.

லினக்ஸ் ஓடும் ராஸ்பெரி பையை (4 வரையிலான மாடல்கள், ஜீரோ 2 உட்பட) வைத்துச் சொல்கிறேன். எடுத்துக்காட்டுக்கு இரண்டு சிப்: எம்சிபி3008 என்ற அனலாக்-டிஜிட்டல் மாற்றி (மின்னழுத்தத்தை எண்ணாக்குவது), எடை பார்க்கும் லோட்செல்லோடு வரும் எச்எக்ஸ்711.

1. உண்மையிலேயே தேவையா என்று பாருங்கள்

போர்டிலேயே இருக்கும் எஸ்பிஐ, ஐ2சி வன்பொருள் காலியாக இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். எஸ்பிஐயில் இன்னொரு சிப் சேர்க்க பெரும்பாலும் ஒரு செலக்ட் பின் (எந்தச் சிப்போடு பேசுகிறோம் என்று காட்டுவது) மட்டும் கூடுதலாகக் கிடைத்தால் போதும். ஐ2சியில் முகவரி மோதாதவரை ஒரே ஜோடி ஒயரில் பல சிப் ஓடும்.

பிட்-பேங்கிங்குக்கு நியாயமான காரணங்கள் மூன்று. ஒன்று, பின்கள் உண்மையிலேயே தீர்ந்துவிட்டன. இரண்டு, உங்கள் சிப் பேசுவது முறையான எஸ்பிஐயும் இல்லை, ஐ2சியும் இல்லை, எச்எக்ஸ்711 அப்படித்தான். மூன்று, வன்பொருளே சரியில்லை. பழைய ராஸ்பெரி பைகளின் பிசிஎம்2835 சிப்பில் இருக்கும் ஐ2சி கட்டுப்படுத்திக்கு க்ளாக் ஸ்ட்ரெச்சிங் ஒழுங்காகத் தெரியாது. "கொஞ்சம் பொறு" என்று சென்சார் க்ளாக் ஒயரைப் பிடித்து இழுத்தால் சில வேளைகளில் அதைக் கவனிக்காமல் போய் டேட்டாவைக் கெடுத்துவிடும். பிஎன்ஓ055 போன்ற சென்சார் வாங்கியவர்கள் இதில் மாட்டியிருப்பார்கள். அங்கே மென்பொருள் ஐ2சிதான் மருந்து.

இன்னொன்றையும் முதலிலேயே பார்த்துவிடுங்கள்: லினக்ஸ் கர்னலிலேயே (லினக்ஸின் மையப் பகுதி) உங்கள் வேலைக்கு டிரைவர் இருக்கலாம். மென்பொருள் ஐ2சிக்கும் மென்பொருள் எஸ்பிஐக்கும், ஒரே டேட்டா ஒயரில் பேசும் 1-ஒயருக்கும் டிரைவர்கள் உண்டு. எச்எக்ஸ்711-க்கே தனி டிரைவர் இருக்கிறது. இருப்பதை மறுபடி எழுதி உங்கள் சனி ஞாயிறை வீணாக்க வேண்டாம்.

2. உங்கள் பஸ் மெதுவைத் தாங்குமா?

பஸ் என்பது சிப்புகள் பேசிக்கொள்ளும் ஒயர்த் தொகுப்பு. க்ளாக் ஒயர் தனியாக இருக்கும் பஸ்களில் வேகம் உங்கள் கையில். குழந்தைக்குச் சோறு ஊட்டுவது மாதிரி. அடுத்த உருண்டை எப்போது என்பதை ஊட்டுபவர்தான் முடிவு செய்கிறார். இடையில் வாசலில் யாரோ கூப்பிட்டுப் போய் வந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். எஸ்பிஐ அப்படி. ஐ2சியும் அப்படியே, அதில் க்ளாக்குக்குக் குறைந்தபட்ச வேகம் என்று எதுவும் கிடையாது.

க்ளாக் ஒயர் இல்லாதவை வேறு கதை. டபிள்யூஎஸ்2812 வண்ண எல்இடியில் ஒரு பிட்டுக்கு 1.25 மைக்ரோசெகண்ட்தான். டிஎச்டி22 வெப்பமானியில் பல்ஸ் 26 முதல் 28 மைக்ரோசெகண்ட் இருந்தால் 0, 70 இருந்தால் 1. லினக்ஸில் ஓடும் சாதாரண நிரலை கர்னல் எந்த நொடியும் ஓரங்கட்டிவிட்டு வேறு வேலை பார்க்கப் போகும். திரும்பி வர மில்லிசெகண்ட் கணக்கில் ஆகலாம். அதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். இவற்றுக்கு இந்த வழிகாட்டி பொருந்தாது. லினக்ஸ் இல்லாமல் ஓடும் ராஸ்பெரி பை பிக்கோ போர்டு ஒன்றை வாங்கிவிடுங்கள். அதிலுள்ள ஆர்பி2040 சிப்பில் இந்த மாதிரி வேலைக்கென்றே எட்டு ஸ்டேட் மெஷின்கள் (தனியாக ஓடும் குட்டி நிரல் பொறிகள்) இருக்கின்றன.

எஸ்எம்பஸ் என்பது பார்க்க ஐ2சி போலவே இருக்கும், ஆனால் அதற்குக் கீழ் வரம்பு உண்டு. க்ளாக் 10 கிலோஹெர்ட்ஸுக்குக் குறையக் கூடாது. க்ளாக் ஒயர் 35 மில்லிசெகண்டுக்கு மேல் லோவில் கிடந்தால் சிப் தன்னைத் தானே ரீசெட் செய்துகொள்ள வேண்டும் என்பது விதி. லேப்டாப் பேட்டரியோடு பேசப் போகிறவர்கள் இதை மறக்க வேண்டாம்.

3. டேட்டாஷீட்டில் "அதிகபட்சம்" பத்தியைத் தேடுங்கள்

எல்லோரும் டைமிங் அட்டவணையில் குறைந்தபட்சப் பத்தியைத்தான் பார்ப்பார்கள். செட்டப் நேரம் (க்ளாக் அசையும் முன் டேட்டா நிலையாக நிற்க வேண்டிய நேரம்) 50 நானோசெகண்ட், ஹோல்ட் நேரம் (அசைந்த பின் நிற்க வேண்டியது) இவ்வளவு என்று. அதெல்லாம் நமக்கு வேண்டாம். நம் பின்கள் அவ்வளவு மெதுவாக அசைவதால் அந்த வரம்புகள் தாமாகவே நிறைவேறிவிடும். பக்கத்துப் பத்திக்குப் போங்கள். அதிகபட்சம் என்ற பத்தி பெரும்பாலும் காலியாக இருக்கும். ஏதாவது ஒரு கட்டத்தில் எண் இருந்தால் அங்கே நில்லுங்கள்.

எச்எக்ஸ்711-இல் அந்த எண் க்ளாக் ஹையாக இருக்கும் நேரத்துக்கு எதிரே இருக்கிறது: அதிகபட்சம் 50 மைக்ரோசெகண்ட். காரணம் இன்னொரு பக்கத்தில் இருக்கிறது. க்ளாக் பின் 60 மைக்ரோசெகண்டுக்கு மேல் ஹையில் நின்றால், தன்னைத் தூங்கச் சொல்கிறார்கள் என்று சிப் எடுத்துக்கொள்ளும். திரும்ப லோ ஆனதும் ரீசெட் ஆகி முதலிலிருந்து தொடங்கும். லோ பக்கத்துக்கு அதிகபட்சம் எதுவும் இல்லை. இந்த ஒருபக்க வரம்புதான் 8-ஆம் படியில் நம்மைக் காப்பாற்றப் போகிறது.

எம்சிபி3008-இல் அட்டவணையைப் பார்த்தால் மட்டும் போதாது. உள்ளே "குறைந்தபட்ச க்ளாக் வேகம்" பற்றி ஒரு சின்னப் பகுதி இருக்கிறது. சிப் உள்ளீட்டு மின்னழுத்தத்தை ஒரு குட்டி கெப்பாசிட்டரில் பிடித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு க்ளாக்குக்கும் ஒரு பிட்டாக மாற்றுகிறது. மாற்றி முடிப்பதற்குள் கெப்பாசிட்டர் கசிந்துவிட்டால் எண் தவறும். 85 டிகிரி செல்சியஸில் குறைந்தது 1.2 மில்லிசெகண்ட் தாங்கும் என்று உத்தரவாதம். அதாவது, சாம்பிள் எடுத்து முடித்த கணத்திலிருந்து பத்து பிட்டும் வெளியே வரும்வரை 1.2 மில்லிசெகண்டைத் தாண்டக் கூடாது; க்ளாக் கணக்கில் 10 கிலோஹெர்ட்ஸ்.

இதில் ஒரு வஞ்சகம் இருக்கிறது. மேசை மேல், ஃபேன் காற்றில், இந்த வரம்பைத் தாண்டினாலும் எண் சரியாகவே வரும். குளிர்ச்சியில் கசிவு குறைவு. அதே பெட்டியைக் கத்திரி வெயிலில் தகரக் கூரைக்கு அடியில் மாட்டினால் எண் ஆடத் தொடங்கும். வீட்டில் ஓடியது என்பது இந்தச் சிப்புக்குச் சான்று ஆகாது.

எழுதிவைத்துக்கொள்ள வேண்டிய மற்றவை: சப்ளை மின்னழுத்த வரம்பு, எஸ்பிஐ மோடு (க்ளாக்கின் எந்த அசைவில் டேட்டாவைப் படிப்பது என்பது; 0 முதல் 3 வரை), பிட் வரிசை, ஐ2சி என்றால் முகவரி. மாட்யூலாக வாங்கினால் அதன் சர்க்யூட் படமும் வேண்டும். போர்டில் ஏற்கெனவே புல்-அப் ரெசிஸ்டர் (ஒயரை ஹை பக்கம் இழுத்து வைப்பது) இருக்கிறதா என்று சிப்பின் டேட்டாஷீட் சொல்லாது.

4. வாங்க வேண்டியவை, ஆகும் செலவு

எச்எக்ஸ்711 மாட்யூல் நூறு ரூபாயை ஒட்டிக் கிடைக்கும். எம்சிபி3008 சில நூறு ரூபாய். 4.7 கிலோ ஓம், 10 கிலோ ஓம், 100 ஓம் ரெசிஸ்டர்கள் வகைக்குப் பத்து. சென்னையில் இருப்பவர்கள் ரிச்சி ஸ்ட்ரீட் போனால் எல்லாம் ஒரே நடையில் முடியும், ஆனால் ஒற்றை சிப் கேட்டால் "எத்தனை பீஸ் சார்?" என்று இரண்டாவது தடவை கேட்பார்கள், கூச்சப்படாதீர்கள்.

இந்தப் பட்டியலில் நான் கட்டாயம் என்று சொல்வது லாஜிக் அனலைசர். எட்டு சேனல், 24 மெகாஹெர்ட்ஸ் சாம்பிள் என்று யுஎஸ்பி குச்சியாக ஆயிரம் ரூபாய்க்குள் விற்கிறார்கள். சிக்ரோக் குடும்பத்தின் பல்ஸ்வியூ என்ற இலவச மென்பொருளோடு ஓடும். எஸ்பிஐ, ஐ2சியை அதுவே பிரித்துக் காட்டிவிடும். மல்டிமீட்டரை வைத்துக்கொண்டு இந்த வேலையைச் செய்ய முடியாது. க்ளாக் ஹையில் எவ்வளவு நேரம் நின்றது என்று பார்க்கக் கண் வேண்டுமென்றால் இந்தக் குச்சிதான் கண். ஆசிலோஸ்கோப் இருந்தால் இன்னும் நல்லது, இல்லாவிட்டாலும் சமாளிக்கலாம்.

நேரம்: டேட்டாஷீட் படிக்க ஒரு மாலை, ஒயரிங்குக்கு ஒரு மாலை, நிரலுக்கு ஒரு சனி ஞாயிறு என்று ஒதுக்குங்கள். முதல் மாலையைச் சேமிக்க நினைத்தால் சனி ஞாயிறு இரண்டு ஆகும்.

5. பின்களைத் தேர்ந்தெடுங்கள்

எண் குழப்பத்தை முதலில் தீர்த்துவிடுவோம். ஜிபிஐஓ 17 என்பது போர்டின் இரட்டை வரிசையில் 11-ஆவது பின். நிரலில் எழுதுவது ஜிபிஐஓ எண். ஒயர் மாட்டுவது பின் எண். இது போதாதென்று, பழைய சிஸ்எஃப்எஸ் முறையில் (கோப்பில் எழுதிப் பின்னை ஆட்டுவது) கர்னல் 6.6-இலிருந்து அதே பின்னுக்கு 529 என்று பெயர் மாறிவிட்டது, 512-ஐக் கூட்டிக்கொள்கிறார்கள். பழைய நிரல்கள் திடீரென்று படுத்ததற்கு அதுதான் காரணம்.

ஜிபிஐஓ 2, 3 இரண்டையும் எஸ்பிஐக்கு எடுக்காதீர்கள். அவற்றில் 1.8 கிலோ ஓம் புல்-அப் போர்டிலேயே ஒட்டப்பட்டிருக்கிறது. 14, 15 சீரியல் கன்சோலுக்குப் போகும்.

அடுத்தது பலர் கவனிக்காதது. போர்டு பூட் ஆகும் சில நொடிகளில் உங்கள் நிரல் இன்னும் எழுந்திருக்காது. பின்கள் எல்லாம் இன்புட்டாக, உள்ளே இருக்கும் பலவீனமான புல் ரெசிஸ்டரோடு கிடக்கும். ஜிபிஐஓ 0 முதல் 8 வரை மேலே இழுக்கப்பட்டிருக்கும். 9 முதல் 27 வரை கீழே. ஆகவே லோ ஆனால் விழித்துக்கொள்ளும் சிப் செலக்ட் பின்னை 4, 5, 6-இல் ஏதாவது ஒன்றில் வையுங்கள். எச்எக்ஸ்711-இன் க்ளாக்கை 9-க்கு மேற்பட்ட ஏதாவது ஒன்றில் வையுங்கள். 5-இல் வைத்தால் பூட் முழுக்க க்ளாக் ஹையாக நிற்கும், சிப் தூங்கிக்கொண்டே இருக்கும்.

நான் வைத்திருக்கும் அமைப்பு: எம்சிபி3008-இன் செலக்ட் ஜிபிஐஓ 5, க்ளாக் 17, உள்ளே போகும் டேட்டா 27, வெளியே வரும் டேட்டா 22. செலக்ட் ஒயரில் 3.3 வோல்ட்டுக்கு ஒரு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் கூடுதலாகப் போட்டிருக்கிறேன்.

6. ஒயரிங்

முதல் விதி: ராஸ்பெரி பை பின்கள் 3.3 வோல்ட். 5 வோல்ட் உள்ளே வந்தால் பின் போய்விடும், சில நேரம் போர்டே போய்விடும். எச்எக்ஸ்711 மாட்யூலை 5 வோல்ட்டில் ஓட்டச் சொல்லும் படங்கள் பெரும்பாலும் ஆர்டுயினோ ஊனோவுக்காக வரைந்தவை. அந்தச் சிப் 2.6 முதல் 5.5 வோல்ட் வரை ஓடும், 3.3 கொடுத்துவிடுங்கள், 5-ஐ 3.3 வோல்ட்டாக மாற்றும் லெவல் ஷிஃப்டர் செலவும் மிச்சம். எம்சிபி3008-உம் 2.7-இலிருந்து ஓடும்.

இரண்டாவது விதியில்தான் அனுபவசாலிகளும் வழுக்குகிறார்கள். "நான் ஓட்டுவதே ஒரு கிலோஹெர்ட்ஸ், ஒயர் ஒரு மீட்டர் இருந்தால் என்ன?" என்று கேட்பார்கள். க்ளாக் மெதுவாக இருக்கலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் பின் லோவிலிருந்து ஹைக்குத் தாவும் அந்தத் தாவல் சில நானோசெகண்டில் நடக்கிறது. நீங்கள் நொடிக்கு ஒரு தடவை அசைத்தாலும் அதே தாவல்தான். நீள ஒயரின் மறுமுனையில் அது அதிர்ந்து துள்ளும். அந்தத் துள்ளலை 74எச்சி595 (வரிசையாக வரும் பிட்டுகளை எட்டு பின்களில் விரிப்பது) போன்ற சிப் இரண்டு க்ளாக்காக எண்ணிவிடும். விளைவு, டேட்டா ஒரு பிட் நகர்ந்து வரும். வேகத்தை எவ்வளவு குறைத்தாலும் இது தீராது. போர்டுக்குப் பக்கத்தில் க்ளாக் ஒயரோடு தொடராக 100 ஓம் ஒன்றைப் போடுங்கள், க்ளாக் ஒயரோடு ஒரு கிரவுண்ட் ஒயரை முறுக்கிக் கொண்டுபோங்கள். ஒரு ரூபாய் ரெசிஸ்டரில் முடிகிற விஷயம்.

7. மென்பொருள் வழி

ஷெல்லில் எக்கோ கட்டளையால் பின்னை ஆட்டுவது நொடிக்குச் சில ஆயிரம் தடவைதான் போகும். ஒயர் சரியா என்று பார்க்க மட்டும். பைத்தானில் ஒரு பின் அசைவுக்குப் பத்துப் பதினைந்து மைக்ரோசெகண்டிலிருந்து சில பத்துகள் வரை ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சி மொழியில் லிப்ஜிபிஐஓடி என்ற நூலகம் வழியாகப் போனால் சில மைக்ரோசெகண்ட். பின்களை ஆளும் வன்பொருள் பதிவேடுகளை நேரடியாக நினைவகத்தில் மேப் செய்து எழுதினால் மெகாஹெர்ட்ஸ் கணக்கில் போகலாம். ஆனால் அதற்கு ரூட் அனுமதி வேண்டும். மாடல் மாறினால் நிரலும் மாறும். ராஸ்பெரி பை 5-இல் பின்கள் ஆர்பி1 என்ற தனிச் சிப்புக்குப் போய்விட்டதால் பிக்பியோ, ஆர்பிஐ.ஜிபிஐஓ போன்ற பழைய நூலகங்கள் அங்கே ஓடுவதில்லை.

என் பரிந்துரை லிப்ஜிபிஐஓடி. அதில் ஒரு பொறி: பதிப்பு 1-க்கும் 2-க்கும் செயல்கூறுகளின் பெயரே வேறு. எங்கிருந்தாவது எடுத்த நிரல் "இப்படி ஒன்று இல்லை" என்று திட்டினால் முதலில் பதிப்பைப் பாருங்கள். சிஸ்எஃப்எஸ் முறையில் புதிதாக எதையும் தொடங்க வேண்டாம்; அது கைவிடப்பட்டுப் பல ஆண்டுகள் ஆகின்றன.

தூக்கம் பற்றி ஒரு எச்சரிக்கை. "ஒரு மைக்ரோசெகண்ட் தூங்கு" என்று நிரலில் எழுதினால் லினக்ஸ் ஒரு மைக்ரோசெகண்டில் எழுப்பாது. சாதாரண நிரல்களுக்கு 50 மைக்ரோசெகண்ட் வரை தள்ளிப்போட அதற்கு முன்னிருப்பாகவே அனுமதி உண்டு. எஸ்பிஐயில் இதனால் கெடுதல் இல்லை, மெதுவாகும், அவ்வளவுதான். எச்எக்ஸ்711-இன் க்ளாக் ஹையில் இருக்கும்போது இந்த வரி வந்தால் 60-ஐத் தாண்டிவிடும். நான் பார்த்த நிரல்களில் அந்த ஒற்றை வரி அதே இடத்தில் உட்கார்ந்திருந்தது.

8. நிரலை எழுதும் வரிசை

முதலில் எம்சிபி3008. செலக்ட்டை லோ ஆக்குங்கள். டேட்டாவை வைத்து, க்ளாக்கை ஹை ஆக்கி, லோ ஆக்குங்கள். இதுதான் ஒரு பிட். அனுப்ப வேண்டியவை ஐந்து பிட்: தொடக்க பிட் 1, ஒற்றை உள்ளீடு என்பதற்கு 1, பிறகு சேனல் எண் மூன்று பிட்டாக. அதற்குப் பின் சாம்பிள் முடிய ஒரு க்ளாக், வெற்று பிட்டுக்கு ஒரு க்ளாக், அப்புறம் பெரிய பிட்டிலிருந்து பத்து பிட். மொத்தம் 17 க்ளாக். சிப் டேட்டாவை மாற்றுவது க்ளாக் இறங்கும்போது. ஆகவே இறக்கிய பிறகு படியுங்கள்.

வெற்று பிட் எப்போதும் 0-ஆக வர வேண்டும். 1 வந்தால் நீங்கள் ஒரு க்ளாக் முன்னே பின்னே இருக்கிறீர்கள். இதை நிரலிலேயே சோதித்துவிடுங்கள், இலவசப் பரிசோதனை.

அடுத்து எச்எக்ஸ்711. டேட்டா பின் லோ ஆகும்வரை காத்திருங்கள். அதுதான் "தயார்" என்ற சைகை. பிறகு 24 பல்ஸ், ஒவ்வொன்றுக்கும் ஒரு பிட். 25-ஆவது பல்ஸ் கொடுத்தால் அடுத்த அளவீடு ஏ சேனலில் 128 மடங்கு பெருக்கத்தில். 26 கொடுத்தால் பி சேனல் 32 மடங்கு. 27 என்றால் ஏ சேனல் 64 மடங்கு. விடை பிளஸ்/மைனஸ் குறியோடு கூடிய 24 பிட் எண். நிரலில் 32 பிட்டுக்கு நீட்டும்போது குறியையும் நீட்ட மறக்காதீர்கள்.

பல்ஸ் கொடுக்கும் விதத்தில்தான் சூட்சுமம். பெரும்பாலோர் க்ளாக்கை ஹை ஆக்கி, டேட்டாவைப் படித்து, பிறகு லோ ஆக்குகிறார்கள். அந்தப் படிக்கும் நேரம் முழுக்க ஆபத்தான பக்கத்தில் கழிகிறது. இந்தச் சிப் டேட்டாவை மாற்றுவது க்ளாக் ஏறும்போது மட்டும். அடுத்த ஏற்றம் வரை அதே பிட் அப்படியே நிற்கும். ஆகவே ஹை, உடனே லோ, அதற்குப் பிறகு ஆறஅமரப் படியுங்கள். ஹையில் கழியும் நேரம் ஒரே ஒரு செயல்கூறு அழைப்பின் நேரமாகச் சுருங்கிவிடும்.

அப்படியும் எப்போதாவது கர்னல் சரியாக அந்த இடைவெளியில் உங்களை ஓரங்கட்டும். தடுக்க முழுமையான வழி கர்னல் டிரைவர்தான். அது ஒவ்வொரு பல்ஸின்போதும் தன்னை யாரும் குறுக்கிடாதபடி பூட்டிக்கொள்கிறது. நிரல் மட்டத்தில் செய்யக்கூடியது, நடந்ததைக் கண்டுபிடிப்பது. க்ளாக்கை ஏற்றுவதற்கு முன் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், இறக்கிய பின் மறுபடி பாருங்கள். கொடுத்த பல்ஸ்களில் ஏதாவது ஒன்று 50 மைக்ரோசெகண்டைத் தாண்டியிருந்தால் அந்த அளவீட்டைத் தூக்கிப் போடுங்கள். நொடிக்குப் பத்து அளவீடு வரும் சிப்பில் ஒன்று போனால் என்ன குடி முழுகிவிடும்? ஆனால் ரீசெட்டுக்குப் பிறகு சிப் நிலைபெற 400 மில்லிசெகண்ட் ஆகும் என்பதால், அடுத்த சில அளவீடுகளையும் சேர்த்தே தள்ளுங்கள். ரீசெட் ஆனால் ஏ சேனல் 128-க்குத் திரும்பிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். பி சேனல் படிப்பவர்களுக்கு இது புரியாத எண்களாகத் தெரியும்.

சராசரி எடுத்துச் சரிக்கட்டலாம் என்று பார்க்காதீர்கள். பாதியில் தூங்கிய சிப்பின் டேட்டா ஒயர் ஹையிலேயே நிற்கும், மீதி பிட்டுகள் வரிசையாக 1-ஆக வரும். அந்த ஒரு எண் சராசரியைக் கெடுத்துவிட்டுப் போகும், தடயமும் இருக்காது.

எம்சிபி3008-க்கும் அதே உத்தி: சாம்பிள் முடிந்ததிலிருந்து கடைசி பிட் வரை அளந்து, 1.2 மில்லிசெகண்டைத் தாண்டினால் மறுபடி எடுங்கள். பைத்தானிலேயே இது வசதியாக முடியும்.

நிரலுக்கு ரியல்டைம் முன்னுரிமை (சாதாரண நிரல்களை முந்தி ஓடும் உரிமை) கொடுத்தால் குறுக்கீடு வெகுவாகக் குறையும். ஆனால் அந்த முன்னுரிமையோடு தூங்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும் நிரலை, பல கர்னல்களில் முன்னிருப்பாக, நொடிக்கு 0.95 விநாடிக்கு மேல் ஓட விடமாட்டார்கள். மீதி 50 மில்லிசெகண்ட் கட்டாய ஓய்வு. "தயார்" சைகைக்குக் காத்திருக்கும் இடத்தில் தூங்கிக்கொள்ளுங்கள், சிக்கல் வராது.

9. ஐ2சி வேண்டுமென்றால்

நிரல் எழுதவே வேண்டாம். பூட் பகுதியில் உள்ள கான்ஃபிக் கோப்பில் ஐ2சி-ஜிபிஐஓ என்ற ஓவர்லேயை (கர்னல் டிரைவரை இயக்கும் அமைப்பு வரி) சேர்த்து நாலு மதிப்பு கொடுத்தால் போதும்: பஸ் எண் 3, டேட்டா பின் 23, க்ளாக் பின் 24, தாமதம் 2 மைக்ரோசெகண்ட். அந்தத் தாமதத்துக்கு வேகம் ஏறக்குறைய 100 கிலோஹெர்ட்ஸ் வரும். ரீபூட் செய்தால் மூன்றாம் எண் பஸ் வந்திருக்கும். க்ளாக் ஸ்ட்ரெச்சிங்கையும் அது மதிக்கும்.

புல்-அப் ரெசிஸ்டர் போடுவது உங்கள் பொறுப்பு. 23, 24-இல் போர்டில் எதுவும் இல்லை. உள்ளே இருக்கும் புல்-அப் 50 கிலோ ஓம் அளவில். ஒயரின் கெப்பாசிட்டன்ஸ் 100 பிக்கோஃபாரட் என்றால் சிக்னல் ஏறவே நாலு மைக்ரோசெகண்டுக்கு மேல் ஆகும். ஐ2சி அனுமதிப்பது, 100 கிலோஹெர்ட்ஸில், ஒரு மைக்ரோசெகண்ட். இரண்டு ஒயரிலும் 3.3 வோல்ட்டுக்கு 4.7 கிலோ ஓம் போடுங்கள். மாட்யூலில் ஏற்கெனவே இருந்தால் இதுவும் சேர்ந்து மதிப்பு குறையும். ஒரு கிலோ ஓமுக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அதைவிடக் குறைந்தால் சிப்பால் ஒயரைக் கீழே இழுக்க முடியாது.

தானே எழுதியே ஆக வேண்டும் என்றால் ஒரே கட்டளை: பின்னை ஹை ஆக்காதீர்கள். லோ வேண்டுமானால் அவுட்புட் லோ, ஹை வேண்டுமானால் இன்புட்டாக விட்டுவிடுங்கள். ரெசிஸ்டர் மேலே இழுத்துக்கொள்ளும். நீங்கள் ஹை கொடுக்கும்போது சிப் லோ இழுத்தால் இரண்டும் முட்டிக்கொள்ளும். க்ளாக்கை விட்டபின் அது உண்மையிலேயே மேலே வந்துவிட்டதா என்று படித்துப் பார்த்த பிறகே அடுத்த அடி.

சிப் பதிலே தரவில்லையா? முகவரியைப் பாருங்கள். சில டேட்டாஷீட்டில் 7 பிட் முகவரி, சிலவற்றில் எழுது-படி பிட்டையும் சேர்த்து 8 பிட். ஹெக்ஸ் 40 என்று போட்டிருந்தால் லினக்ஸுக்கு அது 20-ஆக இருக்கலாம். கூடுதல் பின் தரும் பிசிஎஃப்8574 சிப்புக்கு 20 முதல் 27 வரை. ஏ என்ற எழுத்தோடு வருவதற்கு 38-இலிருந்து. நிரலைப் பாதியில் நிறுத்தியதால் டேட்டா ஒயர் லோவிலேயே மாட்டிக்கொண்டால், டேட்டாவை விட்டுவிட்டு க்ளாக்கை ஒன்பது தடவை ஆட்டி ஒரு ஸ்டாப் (பேச்சு முடிந்தது என்ற சைகை) கொடுங்கள், பெரும்பாலும் விடுபடும்.

10. எவ்வளவு நேரம் ஆகும் என்று முன்கூட்டியே கணக்குப் போடுங்கள்

எடையோ வெப்பமோ படிக்க மெதுவான பின் தாராளம். ஃபிளாஷ் சிப் படிப்பதென்றால் கணக்கு வேறு. டபிள்யூ25க்யூ64-இல் 8 எம்பி, பிட்டில் 6.7 கோடி. 100 கிலோஹெர்ட்ஸில் 11 நிமிடம். 10 கிலோஹெர்ட்ஸில் 1 மணி 52 நிமிடம், சரிபார்க்க மறுபடி படித்தால் அதே நேரம் இன்னொரு முறை. நடுவில் கர்னல் நிறுத்தினாலும் ஃபிளாஷ் சிப் கோபித்துக்கொள்ளாது என்பதால் போட்டுவிட்டுச் சாப்பிடப் போகலாம். மின்சாரம் போகாமல் இருக்க வேண்டும்.

இதைவிட மெதுவான பின்களும் உண்டு. பின் பற்றாமல் பிசிஎஃப்8574 எக்ஸ்பாண்டர் (ஐ2சி வழியாகக் கூடுதல் பின் தரும் சிப்) வாங்கி, அதன் பின்களில் எஸ்பிஐ ஓட்ட நினைப்பவர்கள் இருக்கிறார்கள். ஓடும். அந்தச் சிப் ஐ2சியில் 100 கிலோஹெர்ட்ஸ். ஒரே தொடரில் பைட்டாக அனுப்பிக்கொண்டே இருந்தால் ஒவ்வொரு பைட்டுக்கும் பின்கள் மாறும். ஒரு பைட் என்பது 9 க்ளாக், 90 மைக்ரோசெகண்ட். டேட்டாவையும் க்ளாக் லோவையும் ஒரே பைட்டில் சேர்த்து அனுப்பலாம், அடுத்த பைட்டில் க்ளாக் ஹை. ஆக எஸ்பிஐயில் ஒரு பிட்டுக்கு 180 மைக்ரோசெகண்ட், ஒரு பைட்டுக்கு 1.44 மில்லிசெகண்ட். 74எச்சி595 வழியாக ரிலே ஓட்ட இது போதும். எம்சிபி3008-க்குப் போதாது: பத்து பிட்டுக்கே 1.8 மில்லிசெகண்ட், படிக்க ஆகும் நேரம் தனி. எச்எக்ஸ்711-ஐ நினைக்கவே வேண்டாம். க்ளாக்கின் மிகச் சிறிய ஹை 90 மைக்ரோசெகண்ட், சிப் முதல் பல்ஸிலேயே தூங்கிவிடும். 400 கிலோஹெர்ட்ஸில் ஓடும் எம்சிபி23017 எக்ஸ்பாண்டர் என்றால் அதே ஹை 22.5 மைக்ரோசெகண்டாகக் குறையும். ஏற்றி இறக்கும் இரண்டு பைட்டையும் ஒரே தொடரில் அனுப்பிவிட்டு, லோவில் நிற்கும்போது தனியாகப் படித்தால் வேலை நடக்கும்.

நூறு ரூபாய் எக்ஸ்பாண்டரில் இவ்வளவு கூத்து வேண்டாம் என்று தோன்றினால், சில நூறு ரூபாய்க்கு பிக்கோ ஒன்றை வாங்கி எச்எக்ஸ்711-ஐ அதில் மாட்டி, எண்ணை மட்டும் யுஎஸ்பி வழியாக ராஸ்பெரி பைக்கு அனுப்புங்கள். மூன்றுக்கு மேல் லோட்செல் வைப்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.